கான்வாஸ் ஷூ போட்ட அக்கா

அன்று அந்த லேடி டாக்டரின் வராண்டாவில் நான், அம்மா, நர்ஸ், புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்ட ஒரு அக்கா, இவ்வளவு பேர்தான் இருந்தோம். அந்த அக்கா உட்காரவே இல்லை. கேட்டுக்கும் வாசற்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. எங்களுடையது மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தனம். விஷயம் வெளியே தெரிந்தால் என் கல்யாணப் பேச்சு கெட்டுவிடுமென்று, வராத மாதமும் அம்மா என்னை மூன்று நாள் ஒதுங்கி உட்கார வைப்பாள்.

"கடைசியா எப்போம்மா?" என்று கேட்டார் நர்ஸ்.

"போன வாரம்தான் ஒதுங்கிண்டா," என்றாள் அம்மா.

நர்ஸ் உள்ளே போனதும் அக்கா என் எதிரே வந்து நின்றார்.

"இன்னா பாப்பா, நெஜமா வந்துச்சா?"

"இல்லைக்கா. நாலு மாசமாறது. புத்துநோயா இருக்குமோன்னு பயமா இருக்கு."

"எனக்கும் இப்டிதான். நீர்க்கட்டின்னாங்க. மாத்திரையும் நடையும் விடல, இப்போ பரவால்ல. பக்கத்து வூட்டுக்குச் சொல்ற கதைய டாக்டராண்ட சொன்னா, அவங்க இன்னாத்தைப் பாப்பாங்க?"

அம்மா தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் அவள் வாய் திறக்குமுன் நானே உண்மையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான், டாக்டரிடம் தடுமாறாமல் பேசியது அன்றுதான். எனக்கும் நீர்க்கட்டியாகத்தான் இருக்கும் என்று டாக்டர் மாத்திரை எழுதி, தினமும் நடக்கச் சொன்னார்.

வெளியே வந்தபோது அக்கா நடந்துகொண்டிருந்தார். என்ன ஆயிற்றென்று கேட்கவில்லை. என் காலைப் பார்த்து, "இந்த ரப்பர் செருப்பு நடைக்குத் தாங்காது," என்றார்.

அம்மா பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்ச் செருப்புக் கடைக்குள் நுழைந்தாள். அடுத்த மாதம் என்னை ஒதுக்கி உட்கார வைக்கவில்லை. நான் ஷூ போட்டு, நாலு பேர் பார்க்க மாட வீதியில் நடந்தேன்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அந்த அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்பது மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.