ஆறாம் நம்பர் கயிறு

சின்ன மாமா இமாச்சலத்திலிருந்து இரண்டு விஷயங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, மேலே தூக்க முடியாத வலது கை. இன்னொன்று, பச்சை நிறக் குழாய்க்குள் நான்கு துண்டாகக் கிடந்த ஒரு தூண்டில் கழி. வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கழிதான் பெரிதாகப் பட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். மலைமேல் ஒரு விடுதிக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தபோது இரும்புக் குழாய் ஒன்று சங்கிலியிலிருந்து நழுவி அவர் தோளில் இறங்கிவிட்டது. எலும்பு கூடிவிட்டது. தோள் மட்டும் துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிப்போனது. சட்டை போடுவதற்கு அம்மா கையைப் பிடித்து நுழைத்துவிட வேண்டும். இடது கையால் தலை வாரியதில் வகிடு எந்நேரமும் கோணலாகவே இருக்கும். அந்த விடுதிக்காரர் ஆற்றில் தூண்டில் வீசுவதை, வேலைக்கு நடுவே மாமா வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறார். அடிபட்ட மாமா ஊருக்குக் கிளம்பும்போது மனம் கேட்காமல் தன் கழிகளில் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார் அவர். கயிறு சுற்றும் ராட்டையும் கூடவே இருந்தது. கயிறுதான் இல்லை.

எருமப்பட்டிக்கு வெளியே எங்கள் கோழிப்பண்ணை. கை சரியாகும்வரை மாமா எங்களோடு இருப்பதென்று முடிவானது. ரிக் முதலாளி நல்ல மனிதர்தான். ஆனாலும் போனில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "தை பொறந்ததும் வண்டி கெளம்புதுங்க தம்பி. கை மேல போச்சுன்னா வாங்க. இல்லீன்னா வேற டிரில்லரப் பாக்கோணும்." கை மேலே போகாவிட்டால் அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, மச்சான் பண்ணையில் காலமெல்லாம் முட்டை பொறுக்க வேண்டியதுதான். அப்பா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதனாலேயே மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நாமக்கல் டாக்டர் தினமும் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிப் பழகச் சொல்லியிருந்தார். அம்மா வேப்பமரக் கிளையில் ஒரு கப்பியைக் கட்டி, கயிறு மாட்டி, இழுக்கத் தோதாக இரண்டு பக்கமும் பிடி வைத்துக் கொடுத்தாள். ஓரிரு நாள் இழுத்துப் பார்த்த மாமா, "போர்க்காரன் கப்பி இழுக்கறதப் பாத்து ஊரே சிரிக்குதுக்கா" என்று விட்டுவிட்டார். ஊராவது சிரிப்பதாவது. எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கோழிகளைத் தவிர வேறு ஆள் கிடையாது. வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

மாமாவிடம் ஒரு குணம் உண்டு. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று புரியாதவரை அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். புரிந்துவிட்டால் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். பழுது பார்க்கிறேன் என்று கழற்றி, காரணம் தெரிந்ததும் மூட மறந்துபோன ரேடியோவும் மிக்ஸியும் எங்கள் வீட்டு அட்டாலியில் மற்ற தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏறி உட்கார்ந்திருந்தன. இப்போது அவர் கையில் புரியாத ஒரு பொருள் வந்து சேர்ந்திருந்தது.

அந்த விடுதிக்காரர் தூண்டிலில் புழு கோர்ப்பதில்லையாம். கொக்கியில் இறகைச் சுற்றி ஈ மாதிரி செய்து, தண்ணீர்மேல் மிதக்கவிட்டே மீனை ஏமாற்றுவாராம். இறகுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? நான் பொறுக்கிக் கொண்டுவந்ததை மாமா கொக்கியில் கட்டினார். அது ஈ மாதிரியும் இல்லை, இறகு மாதிரியும் இல்லை. அடுத்தது கயிறு. கழியின் கைப்பிடிக்கு மேலே பொடியாக 6 என்று எழுதியிருந்தது. ரிக்கில் எல்லாவற்றுக்கும் தாங்கும் எடை என்று ஒன்று உண்டல்லவா? மாமா அந்தக் கணக்கிலேயே இதையும் படித்தார்.

"ஆறு கிலோ மீன் தாங்கும்னு போட்டுருக்கறான் கண்ணு."

நாமக்கல் கடைவீதியில் ஆறு கிலோ தாங்கும் தூண்டில் நரம்பு வாங்கிவந்தோம். வீட்டு முன்னால் இருந்த களத்தில் நின்று மாமா பழக்கமான வலது கையாலேயே வீசினார். இறகு அவர் காலடியிலேயே விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக வீசினார். இந்தமுறை அது அவர் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டது. கழியோ வளையக்கூட இல்லை.

நான் ஒரு கல்லை எறிந்து பார்த்தேன். ஓர் இறகை எறிந்து பார்த்தேன். திரும்பத் திரும்ப எறிந்தேன். பிறகு கேட்டேன்: "ஏனுங் மாமா, புழுவும் ஈயக்குண்டும் இருந்தா அந்தக் கனம் நரம்ப இழுத்துட்டுப் போயிருமுங்க. இறகுக்குத்தான் கனமே இல்லீங்களே. அப்ப கயிறே கனமா இருக்கோணுமல்லங்க?"

மாமா கழியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அட அம்மிணி, அங்க அவரு கயிறும் நல்லாத் தடியாத்தான் இருந்துச்சு!" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கயிறு என்று பெயருள்ள எதுவும் இருந்த இடத்தில் இருக்கவில்லை.

பண்ணையில் தீவனத் தட்டுகளைத் தொங்கவிடும் நைலான் கயிறு முதலில் போனது. அது கனம் போதவில்லை. அடுத்து, துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு. அது கனம் கூடிப்போய் கழி முனகியது. அம்மாவின் சேலைகள் வேலிமேல் காய்ந்தன. கடைசியில் கப்பிக் கயிற்றையே மாமா அவிழ்த்துவிட்டார். "டாக்டர் கையத் தூக்கச் சொன்னாரு, நீ கயித்தத் தூக்கீட்டுப் போறயே தம்பி!" என்று அம்மா சத்தம் போட்டாள். மாமா காதிலேயே வாங்கவில்லை. பின்பக்கம் போகும் கயிறு தரையில் தட்டாமல் இருக்க வேண்டுமானால் கையைச் சற்று உயர்த்தி வீச வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தார். முதலில் நெஞ்சு உயரத்துக்கு, அப்புறம் தோள் உயரத்துக்கு. ஒவ்வொரு வீச்சுக்கும் முகம் சுருங்கும். "இன்னொருக்கா பாப்பம் கண்ணு" என்பார்.

அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் அம்மா ஒருநாள் போனை எடுத்தாள். பண்ணைக்குத் தீவனமும் மருந்தும் போன் போட்டு வரவழைப்பது அவள்தான். யாரிடமும் பேசத் தயங்கமாட்டாள். எங்கேயோ விசாரித்து, பெங்களூரில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடையைப் பிடித்துவிட்டாள். கடைக்காரர் தமிழ் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"கழியில என்ன நம்பர் போட்டிருக்கும்மா?"

"ஆறுங்க."

"அப்ப ஆறாம் நம்பர் கயிறுதான் போடணும். அது மீனோட கனம் இல்லம்மா, கயித்தோட கனம். கழியில என்ன நம்பரோ கயித்துலயும் அதே நம்பர் இருக்கணும்."

"என்ற தம்பிக்குத் தோள்ல அடிபட்டிருக்குதுங்க. வலிக்காம வீசலாமுங்களா?"

"சரியான கயிறு போட்டா கழியே வேலையச் செஞ்சிடும்மா. முழங்கைய ஆட்டினாப் போதும். தோள அசைக்கவே வேண்டாம்."

"அப்பாடா. ஒடனே அனுப்பி உடுங்க" என்றாள் அம்மா. மாமாவிடம் இப்போதே சொல்ல வேண்டாம், வந்ததும் கொடுத்து அசத்தலாம் என்று என்னிடம் கண் சிமிட்டினாள்.

பார்சல் வந்தது. பிரித்தால், ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று ஒரு கயிறு. நுனியில் மெலிந்து, உள்ளே போகப் போகத் தடித்திருந்தது. அட்டையில் பெரிதாக 6. எனக்குக் கை துறுதுறுத்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

மாமா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி களத்தில் நின்று, மறுபடியும் துணி காயப்போடும் கயிற்றையே மாட்டி வீசிக்கொண்டிருந்தார். கை காதுவரைக்கும் போய் வந்தது. அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவர் வீசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பார்சலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி உள்ளே போய், கோழிகளுக்கான தடுப்பு மருந்து வைக்கும் பிரிட்ஜைத் திறந்து, மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் அதைத் திணித்தாள். அந்தப் பிரிட்ஜைத் தொட எங்கள் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் உரிமை.

"மாமாவுக்குக் குடுக்கலீங்களாம்மா?"

"சித்த நாள் போகட்டும் சாமி. நீ வாயத் தொறக்காத."

"ஏனுங்கம்மா?"

"சொன்னாக் கேளு."

அதற்குப் பிறகு நான் பட்ட அவஸ்தையைச் சொல்லி முடியாது. உலகத்திலேயே எனக்குப் பிடித்த புதிருக்கு விடை எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டுப் பிரிட்ஜிலேயே குளிர்ந்துகொண்டிருந்தது. "கிலோ இல்லீன்னா இந்த ஆறு வேற என்னவா இருக்கும் கண்ணு?" என்று மாமா கழியைத் தடவித் தடவிக் கேட்பார். "தெரியலீங் மாமா" என்று சொல்லிவிட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம் ஓடிவிடுவேன். இதில் கொடுமை என்னவென்றால், அம்மாவே அவருக்குத் தப்புத் தப்பான கயிறுகளைத் தேடிக் கொடுக்க ஆரம்பித்தாள். முட்டை லாரிக்காரரிடம் தார்ப்பாய்க் கயிறு கேட்டு வாங்கினாள். பள்ளிபாளையத்து உறவினரிடம் சொல்லித் தறி நூலை முறுக்கிக் கொண்டுவரச் செய்தாள். "இதப் போட்டுப் பாரு தம்பி, இது சரியா வந்தாலும் வரும்" என்று கூசாமல் சொன்னாள். இப்படியும் ஒரு அக்கா உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு காலை. வீசிய இறகு போய் வேப்பங்கிளையில் சிக்கிக்கொண்டது. மாமா கழியை இடது கைக்கு மாற்றினார். வலது கையை நேராக மேலே நீட்டி, கிளையை வளைத்து இறகை எடுத்தார். எடுத்துவிட்டு, கயிற்றைத் திட்டிக்கொண்டே ராட்டையைச் சுற்றினார். தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. முட்டை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, கையிலிருந்த முட்டையைக்கூட வைக்காமல் எழுந்து உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது ஒரு கையில் முட்டை, மறு கையில் பார்சல்.

"கூரியர் இப்பத்தான் வந்துச்சு தம்பி."

மாமா வாங்கிப் பார்த்தார். "என்னக்கா, இப்படி ஜில்லுனு இருக்குது?"

"மார்கழிப் பனியில வருதல்லொ" என்றாள் அம்மா. நான் வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

கழியில் ஆறு, கயிற்றில் ஆறு. மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அட, இவ்வளவுதானா!" என்றார். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. முழங்கையை லேசாக ஆட்டினார். கழி வளைந்து நிமிர்ந்தது, ஆரஞ்சுக் கயிறு பின்னால் போய் நீண்டு, முன்னால் வந்து விரிந்து, இறகைக் களத்தின் கடைசியில் சத்தமில்லாமல் வைத்தது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. அன்று மாலையே ஏரிக்குப் போய், உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி மீனும் பிடித்தோம். மறுநாள் மாமா கழியைக் கழற்றிக் குழாய்க்குள் போட்டு, ரேடியோவுக்கும் மிக்ஸிக்கும் பக்கத்தில் அட்டாலியில் வைத்துவிட்டார். ஸ்டூல் கேட்கவில்லை, எட்டித்தான் வைத்தார்.

தை பிறந்ததும் ரிக் லாரி எங்கள் பிரிவு ரோட்டுக்கு வந்து ஹாரன் அடித்தது. நாங்கள் எல்லோரும் வழியனுப்பப் போனோம். லாரி கேபின் நல்ல உயரம். மாமா பையை உள்ளே எறிந்துவிட்டு, தலைக்கு மேலிருந்த கைப்பிடியை வலது கையால் பற்றி, ஒரே எம்பில் ஏறி உட்கார்ந்தார். அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். லாரி திரும்பி மறையும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். பார்சல் வந்த அன்றைக்கே கொடுத்திருந்தால் மாமா அத்தனை நாளும் வலியோடு கையைத் தூக்கித் தூக்கி வீசியிருக்கவே வேண்டாமே என்று, எனக்கு அம்மாமேல் கோபம் தீரவேயில்லை.