தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மூன்றாம் வளைவு வரை

ஞாயிறு, பகல் 12.40. குலசேகரம்.

ஐப்பசி மழை காலையில் ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்திருந்தது. மார்த்தாண்டம் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது இந்த முறை ஊருக்கு வந்தும் எனக்குப் பழகவில்லை. இருபது ரூபாய்த் தாளை நீட்டினேன். நடத்துநர் அதைப் பார்க்காமலேயே இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அக்கா மகள் கல்யாணத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகிறது. கல்யாணமும் மறுவீடும் முடிந்து, இன்று ஒரு நாளை மட்டும் எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண் எங்கே போகிறேன் என்று விசாரித்தார். தேங்காய்ப்பட்டணத்துக்கு, பைக் ரேஸ் பார்க்க என்றேன்.

"தேங்காப்பட்டணத்துல ஏது பிள்ளே பைக் ரேசு?"

ரேஸ் நடப்பது இங்கிலாந்தில், பார்ப்பதுதான் தேங்காய்ப்பட்டணத்தில் என்று விளக்கினேன். அதன்பிறகு அவர் திருவட்டாறில் இறங்கும்வரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வாசகர்களும் அப்படி இறங்கிப் போய்விடாமல் இருக்க, முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கிழக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரத்தில், முதியோர் இல்லம் ஒன்றில் நான் நர்ஸாக இருக்கிறேன். அங்கே போன முதல் வருடம், விடுமுறையான ஒரு ஞாயிறு மதியம், அறையில் தனியாகக் கிடந்தபோது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் குலசேகரத்து மரமில்லில் நாலு ரம்பங்கள் ஒரே நேரத்தில் ஓடுவது போன்ற சத்தம். அதன் திசையில் நடந்தேன். முக்கால் மணி நேர நடைக்குப் பிறகு, தகரக் கூரை போட்ட பழைய மைதானம் ஒன்று வந்தது. வாசலிலேயே விளக்கெண்ணெய் கருகும் வாசனை. அந்த வண்டிகளின் எஞ்சினுக்கு ஊற்றுவது ஆமணக்கு எண்ணெய்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் வயிறு சுத்தமாக அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே எண்ணெய். அதை மோந்து எனக்கு அழுகை வந்தது என்றால் நம்புவீர்களா?

ஸ்பீட்வே என்பது அந்த விளையாட்டின் பெயர். நீள்வட்டமான மண்பாதை. நாலு பேர், நாலு சுற்று, ஒரே நிமிடம். வண்டிக்கு பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வெளிப்பக்கம் சறுக்கவிட்டு, இடது காலை மண்ணில் ஊன்றித்தான் திருப்ப வேண்டும். காலில் இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள். சக்கரம் வாரியடிக்கும் மண் வேலியைத் தாண்டி வந்து நம் தேநீரில் விழும்.

நூறு வருடத்துக்கு முன் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே வந்த விளையாட்டு இது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் தொழிற்சாலை உள்ள ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு கிளப் இருந்தது என்று எங்கள் இல்லத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். உள்ளே இடம் கிடைக்காமல் தெருவில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினவர்கள் உண்டாம். தன் பிள்ளைகளின் பெயர்களை மறந்துவிட்ட ஒரு பாட்டையா, தன் ஊர் அணியின் ஏழு ஓட்டக்காரர்களையும் வரிசையாகச் சொல்வார். பிறகு டிவி வந்தது, கார் வந்தது, நிலத்தின் விலை ஏறியது. மைதானங்கள் ஒவ்வொன்றாகப் பல்பொருள் அங்காடியாகவும் குடியிருப்பாகவும் மாறின. சுற்றிலும் வீடுகள் வந்தன. அவற்றில் குடிவந்தவர்கள், சத்தம் என்று புகார் எழுதினார்கள். இப்போது ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் போலந்திலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் விமானத்தில் வந்து ஓட்டிவிட்டு அடுத்த நாள் வேறு நாட்டில் வேறு கிளப்புக்கு ஓட்டுகிறவர்கள். பார்க்க வருகிறவர்கள் மட்டும் அதே ஆட்கள், அட்டையில் தாளைச் செருகி, பென்சிலால் ஒவ்வொரு ஓட்டத்தின் புள்ளியையும் குறித்துக்கொண்டு.

எங்கள் அணிக்கு நாரைகள் என்று பெயர். எங்கள் மைதானத்தையும் விற்றுவிட்டார்கள். ஆகஸ்டில்தான் செய்தி வந்தது. அப்போது என் டிக்கெட் எடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கடைசிப் போட்டி இன்று.

பிற்பகல் 2.15. புதுக்கடை.

மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, மேம்பாலத்தின் கீழே அரைமணி நேரம் ஊர்ந்து, புதுக்கடைக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. டயர் பஞ்சர். அங்கிருந்து தேங்காய்ப்பட்டணம் ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு நூற்று எண்பது கேட்டார்கள், நூற்றைம்பதுக்குப் பேசி ஏறினேன். யார் வீட்டுக்கு என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னேன்.

"ஐஸ்வண்டி நாசர் காக்கா வீடா? மின்னயே சொல்லியிருந்தா நூத்தி முப்பதுக்கு வந்திருப்பேனே."

ஆனாலும் இறங்கும்போது நூற்றைம்பதைத்தான் வாங்கிக்கொண்டார்.

நாசரை ஊரில் எல்லாரும் காக்கா என்று அழைப்பதுபோல நானும் அண்ணன் முறையில் காக்கா என்பேன். நான் முதன்முதலாக அந்த மைதானத்துக்குப் போன நாளில், வேலியோரம் நின்று அக்கா மகளுடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வளைவில் பல்வாரியால் மண்ணை இழுத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் சட்டென்று நிமிர்ந்தார். முகமெல்லாம் செம்மண். "மார்த்தாண்டமா, கொளச்சலா?" என்றார். நான் எந்தப் பக்கத்துக்காரி என்று கண்டுகொள்ள, போனில் நான் சொன்ன ஏட்டி என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது அவருக்கு.

அப்போது அவர் அந்த ஊரில் ஒரு இந்திய உணவகத்தில் சமையல்காரர். ஞாயிறு மதியம் அடுப்பு அணைந்ததும் மைதானத்துக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும், வெளியே சிதறிய மண்ணை மறுபடி பாதைக்கு இழுத்து, பள்ளங்களை மூட வேண்டும். அதற்கென்று சம்பளம் கிடையாது. எல்லாம் கிளப்பின் மேல் ஆசை வைத்தவர்கள் செய்வது. மூன்றாம் வளைவு அவருடையது. எந்த இடத்தில் மண் இளகும், எந்த இடத்தில் ஈரம் நிற்கும் என்று ஓட்டக்காரர்கள் அவரிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்கள்.

வேலை விசாவில் ஐந்து வருடம் முடிந்திருந்தால் அங்கேயே தங்க விண்ணப்பித்திருக்கலாம். நாலு வருடம் பத்து மாதத்தில் உணவகத்தை மூடிவிட்டார்கள். விசாவும் அதோடு போயிற்று. ஊருக்கு வந்து மூன்று வருடமாகக் குட்டியானை வண்டியில் துறைமுகத்துக்கு ஐஸ் அடிக்கிறார். கடைசிப் போட்டிக்கென்று பார்வையாளர் விசா கேட்டிருந்தார். கிடைக்கவில்லை.

மாலை 4.30. நாசர் காக்கா வீடு.

அங்கே பகல் பன்னிரண்டு. பதினைந்து பவுண்டு கட்டி நேரலை வாங்கி, போனை டிவியில் இணைத்திருந்தேன். அவருடைய மனைவி, எனக்கு அண்ணி முறையான ஆமினா மைனி, சாயாவும் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மைனி திரையைப் பார்த்ததைவிடக் காக்காவைப் பார்த்ததுதான் அதிகம்.

மைதானம் நிறைந்திருந்தது. நான் போன வருடங்களில் ஒருநாளும் அத்தனை கூட்டம் பார்த்ததில்லை. அதில் பாதிப்பேர் போன வருடம் வந்திருந்தால் விற்றிருக்கவே வேண்டாம் என்று சொன்னேன். காக்கா தரையில் உட்கார்ந்து திரைக்கு ஒரு முழம் தள்ளி முகத்தை வைத்திருந்தார்.

ஆறாவது ஓட்டத்தில் எங்கள் பையன் ஒருவன் மூன்றாம் வளைவில் விழுந்தான். வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். எழுந்து நடந்துபோனான். வேகத்தில் தவறிவிட்டான் என்று வர்ணனையாளர் சொன்னார். காக்கா அந்த இடத்தைத் திருப்பி ஓட்டச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார்.

"வேகம் ஒண்ணும் இல்ல. பின்சக்கரம் துள்ளுனதப் பாத்தியா? அங்க பள்ளம் விழுந்திருக்கு. எவனும் மூடல்ல."

எனக்கு எதுவும் தெரியவில்லை. கலங்கலான திரையில் எல்லாம் ஒரே பழுப்பு. அவர் தன் போனில் கெவினைக் கூப்பிட்டார். கெவின் அவருடன் அதே வளைவில் மண் இழுத்தவர், இன்றும் அங்கே நிற்கிறார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? மறுபடி கூப்பிட்டார். ஏழாவது ஓட்டம் தொடங்கியது. அதே இடத்தில், எதிரணிக்காரன் ஒருவனின் வண்டி குதிரைபோல முன்னங்காலைத் தூக்கிவிட்டு எப்படியோ தரையிறங்கியது. காக்கா எழுந்து நின்றுவிட்டார். நின்றபடியே நாலாவது தடவை கூப்பிட்டார்.

ஐந்தாவது தடவை கெவின் எடுத்தார். காக்கா ஆங்கிலத்தில், துறைமுகத்தில் ஆளைக் கூப்பிடும் குரலில், வெள்ளைக் கோட்டிலிருந்து இரண்டடி வெளியே, வேலியின் மூன்றாவது விளம்பரப் பலகைக்கு நேரே, கையை வைத்துப் பார் என்றார். மேலே மண்ணைத் தள்ளினால் போதாது, கிளறிவிட்டு, நனைத்து, மிதித்து மூடு என்றார். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே திரையைப் பார்த்தார்.

தொலைவில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் வளைவை நோக்கி ஓடினார். குனிந்து, மண்டியிட்டு, கையால் தடவினார். அடுத்த கணம் எழுந்து மற்ற இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஓட்டத்தை நிறுத்திவைத்தார்கள். டிராக்டர் வந்தது. பத்து நிமிடம் வேலை நடந்தது. முடிந்ததும் கெவின் காமிரா இருக்கும் பக்கம் திரும்பி, பல்வாரியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

வர்ணனையாளருக்கு அது ஏன் என்று புரியவில்லை. காக்கா உட்கார்ந்தார். ஆறிப்போன சாயாவை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

மாலை 6.05.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அங்கேயும் இடைவேளை. இருவரும் தொழப் போனார்கள். முதலில் திரும்பி வந்தது மைனிதான். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம அந்திக்கு மட்டும் அவிய போன் எடுக்க மாட்டாவ. அங்க இருந்த வருசம் பூரா அப்பிடித்தான். நான் என்ன நெனச்சேன் தெரியுமா?"

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"வேற ஒருத்தி உண்டுன்னு நெனச்சேன். கேக்கல்ல. கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா பெறவு என்ன செய்யது? ரெண்டு பிள்ளியள வச்சிட்டு எங்க போவேன்?" திரையில் டிராக்டர் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மைனி அதையே பார்த்தார். "கடசில பாத்தா, மண்ணு."

காக்கா வந்துவிட்டார். கடைசி வார்த்தையைக் கேட்டிருக்க வேண்டும். வாசலிலேயே நின்றார். ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று மைனி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கூலி இல்லாத வேலை என்பதாலா என்றார்.

"கூலிக்காக இல்ல ஆமினா. நீ இங்க ஒத்தைக்குப் பிள்ளியளப் பாத்துட்டு கெடக்க. நான் அங்க ஞாயித்துக்கெழம சந்தோசமா இருக்கேன்னு எப்பிடிப் பறைய?"

மைனி எழுந்து, நாற்காலியைக் கதவோரத்திலிருந்து எடுத்துவந்து திரைக்கு முன் போட்டுக்கொண்டார். மீதமுள்ள ஐந்து ஓட்டங்களையும் மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். சிவப்புத் தொப்பியும் நீலத் தொப்பியும் நம் ஆட்கள் என்று காக்கா சொல்லிக்கொடுத்தார். கடைசி ஓட்டத்தில் மைனி என் கையைப் பிடித்திருந்தார். நாற்பத்து நான்குக்கு நாற்பத்தாறு. தோற்றோம். மூன்றாம் வளைவில் பிறகு யாரும் விழவில்லை.

முடிந்ததும் வேலிக்கதவைத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் பாதைக்குள் இறங்கினார்கள். வயதானவர்கள் குனிந்து பிளாஸ்டிக் பைகளில் மண்ணை அள்ளினார்கள். நான் திரும்பிப் போனதும் கெவினிடம் ஒரு பிடி வாங்கி அனுப்பட்டுமா என்று காக்காவிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அது அங்கேயே கிடக்கட்டும் என்றார். பிறகு அவரே என் போனை எடுத்து நேரலையை அணைத்தார்.

மாலை 7.20. தேங்காய்ப்பட்டணம் பஸ் நிறுத்தம்.

இருவரும் என்னை வழியனுப்ப வந்தார்கள். தூறல் விட்டிருந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து மீன்வாடையும் டீசல் வாடையும் கலந்து வந்தன. பன்னிரண்டு நாளில் நான் திரும்பிவிடுவேன். வேலை இருக்கும், அறை இருக்கும், ஞாயிறுகளும் வரும். அந்த ஊரில் எனக்குப் போவதற்கென்று இருந்த ஒரே இடம் இருக்காது. ஊரில் இருந்துகொண்டு இங்கிலாந்தை நினைத்து ஏங்குவேன் என்று என் வாழ்நாளில் நினைத்ததில்லை. அதுவும் பக்கத்தில் ஒருவர் அதே ஏக்கத்தோடு, ஐஸ்வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நிற்க.

அங்கே வீடுகள்தான் கட்டப் போகிறார்களா என்று காக்கா கேட்டார். ஆமாம், நூறு வீடுகளுக்கு மேல் என்கிறார்கள் என்றேன்.

"அப்ப நீ ஒண்ணு செய்யணும். எனக்க வளைவுல எந்த வீடு வருதுன்னு பாத்து, நம்பர் அனுப்பு. அவங்களுக்கு ஒரு கார்டு போடணும்."

பார்த்து அனுப்புகிறேன் என்றேன். மார்த்தாண்டம் பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. மைனி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சிரித்தார். அன்று அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு, கார்டுல என்ன எழுதுவிய?"

காக்கா யோசித்தார்.

"மழெ பெஞ்சா வீட்டுக்கு எடதுபக்கம் வெள்ளம் கெட்டி நிக்கும், பாத்துக்கிடுங்கன்னு எழுதுவேன்."