தீக்காய வார்டுக்கு எத்தனை டிகிரி

பெரிய கட்டிடங்களுக்கு ஏசியும் காற்றோட்டமும் வடிவமைப்பது சாத்தூர் செல்வக்குமாரின் வேலை. புதிதாக எழும்பும் ஒரு மருத்துவமனையின் வரைபடத்தில், தீக்காய வார்டுக்குப் பதினெட்டு டிகிரி என்று யோசிக்காமலே போட்டான். பட்டாசு ஊரில் பிறந்தவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வெந்த உடம்புக்குக் குளிர்ச்சிதானே வேண்டும்!

மருத்துவர் அதைச் சிவப்பு மையால் அடித்து, முப்பது என்று திருத்தி அனுப்பினார். ‘தோல் போன உடம்பில் சூடு தங்காது. குளிரே ஆளைக் கொன்றுவிடும்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

செல்வக்குமார் அந்த வரியைத் திரும்பவும் படித்தான். ஒன்பது வருடத்துக்கு முன், பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறையில் தீப்பிடித்து வெந்துபோன அம்மா இருளம்மாள், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து செத்தாள். அந்த மூன்று நாளும், நர்ஸிடம் சண்டை போட்டுக் கொண்டுவந்த டேபிள் ஃபேனை அவள் பக்கமே திருப்பி வைத்திருந்தவன் அவன்தான்.

“குளுருதுய்யா. அத நிப்பாட்டு” என்றாள் அம்மா.

“எரிச்சல்ல உளறாதம்மா. கொஞ்சம் பொறுத்துக்க” என்று ஃபேனை இன்னும் கிட்டே நகர்த்தினான்.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.