உன்ஸட்

பிரியா, கார்த்தி, மேத்தி, அதாவது வெந்தயக் கீரை, வாசம் வந்தால் அப்பா ஏன் எழுந்து வெளியே போய்விடுகிறார் என்று கேட்டீர்களே, அதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தாராவியில் நான் ஆறாவது படித்தபோது எங்கள் சந்தில் ஒரு 'தாயி' ட்யூஷன் எடுத்தார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. ஒரே அறை, ஒரே வாசல். முடிகிற நேரத்தில் பலகையில் மூன்று எண்களை எழுதுவார், அவற்றைக் கூட்டியோ கழித்தோ பெருக்கியோ எந்த எண்ணைக் கொண்டுவர வேண்டும் என்பதை வாயால் மட்டும் சொல்வார், பிறகு வாசலில் குறுக்கே உட்கார்ந்து மேத்தி ஆய்வார். கணக்கு வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போகலாம். வராதவர்கள் உள்ளேயே.

அன்றைக்கு 3, 7, 8. "உன்ஸட் சாஹியே," என்றார் இந்தியில், உன்ஸட் வேண்டுமாம்.

அந்த வாரம் அம்மாவின் வலது கை இட்லி ஆவியில் வெந்துபோயிருந்தது. இட்லி விற்றுத்தான் எங்கள் வீடு ஓடியது. அரிசி ஊறிக்கொண்டிருந்தது, ஐந்து மணிக்கு வந்து ஆறு மணிக்கு நின்றுவிடும் சந்துக் குழாயில் நான்தான் கேன்களை நிரப்பித் தூக்க வேண்டும். "அஞ்சுக்கு வந்துரு மக்கா, தண்ணி இல்லன்னா நாளைக்கு அடுப்பு இல்ல," என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

ஏழெட்டு ஐம்பத்தாறு, மூன்றைக் கூட்டினால் ஐம்பத்தொன்பது. எழுதினேன், அடித்தேன். உன்ஸட்டில் 'ஸாட்' கேட்கிறதே, ஸாட் என்றால் அறுபது, ஆக அறுபத்தொன்பதுதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கீரைத் தண்டுகளைத் தாண்டிப் போனார்கள். குழாயடியில் கேன்கள் முட்டுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் ஐம்பத்தொன்பது வந்தது, மறுபடியும் அடித்தேன்.

"தாயி, பானி..." என்று தண்ணீரைச் சொல்லி எழுந்தேன்.

"பஹலே உன்ஸட்," என்றார், நிமிராமல். முதலில் அந்த எண் வர வேண்டும்.

குழாயடிச் சத்தம் அடங்கிய பிறகு, தையல் வேலை முடிந்து வந்த என் சொந்த அக்கா வாசலில் நின்றாள். "ஏ மூதி, இங்கயா உக்காந்திருக்க? தண்ணி போயிட்டு! எவ்வளவு வேணுமாம்?"

"உன்ஸட். அறுபத்தொன்பது."

"அது அம்பத்தொன்பதுல்லா! ஸாட்டுக்கு ஒண்ணு கம்மி!"

தாயி என் நோட்டை வாங்கிப் பார்த்தார். பக்கம் முழுக்க நான் அடித்து வைத்த சரியான விடை. சிரித்துக்கொண்டே காலை மடக்கி வழிவிட்டார்.

வீட்டில் அம்மா ஊறிய அரிசியை இடது கையால் அள்ளிப் பழைய சேலையில் காயப் பரப்பிக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. "கணக்கு வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு," என்றேன்.

இப்போது அந்தச் சந்து இல்லை, கேன் வரிசை இல்லை. அதே விளையாட்டை நீங்கள் போனில் ஆடுகிறீர்கள். நேற்று விடையை நான் தமிழில் சொன்னபோது, "ப்பா, அம்பத்தொன்பதுன்னா ஃபிஃப்டி நைனா, சிக்ஸ்டி நைனா?" என்று கேட்டாய், பிரியா. ஃபிஃப்டி நைன் என்றேன். இருவரும் கீழே விளையாட ஓடிவிட்டீர்கள். நம் வீட்டுக் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. ஆனாலும் சமையலறைக்குப் போய், ஒரு கேனைக் கழுவி, விளிம்பு வரை நிரப்பி, மூடி போட்டு வைத்தேன்.