துணித் தராசில் என் எடை

பனியனுக்குப் பேர்போன எங்கள் ஊரின் ராயபுரத்தில், வீட்டுக்குப் பின்பக்கமே என் கணவரின் நிட்டிங் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் நாலு மெஷின். மேலே நூல் போய்க் கீழே பனியன் துணியாகச் சுருண்டு வரும். ஒரு சுருளை ரோல் என்போம். சுமார் இருபது கிலோ இருக்கும். அதைத் தரையோடு கிடக்கும் பெரிய இரும்புத் தராசில் ஏற்றி, எடையைச் சீட்டில் எழுதி, துணியிலேயே குத்தி வைப்பது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவரின் வேலை. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாலைந்து மாதம் அந்தத் தராசில் ரோல்களோடு சேர்ந்து நானும் ஏறினேன்.

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். தாய்ப்பால் தவிர வேறெதையும் தொட மாட்டாள். புட்டியைக் காட்டினால் வீட்டுக்குள் திருடன் வந்ததுபோல் அலறுவாள். நான் சாப்பிடுகிறேனா, பால் ஊறுகிறதா, அவளுக்குப் போதுமா என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனையே கிடையாது. அதனால் சாப்பிட்டேன். காலையில் பத்து இட்லி, பதினோரு மணிக்கு மோர் ஊற்றிப் பழைய சோறு, மதியம் இரண்டு தட்டு. அப்படியும் ஜாக்கெட் மாதாமாதம் தொளதொளத்தது. மார்கழிக் குளிரில் எனக்கு மட்டும் வியர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எல்லாம் பிள்ளை பெற்ற உடம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தைக்கோ என்மேல் ஏகப்பட்ட பெருமை. மெஷின் பக்கத்திலிருந்து வீடு முழுக்கப் பஞ்சு பறந்து படியும். நான் ஒரு நாளைக்கு மூன்று முறை கூட்டி, இரண்டு முறை துடைத்து, மீதி நேரத்தில் ஜன்னல் கம்பிகளைத் தேய்த்தேன். உட்கார்ந்தால்தான் கஷ்டமாக இருந்தது. என்ற மருமகளுக்கு மெஷினாட்டம் ஓயாத ஒடம்பு என்று அத்தை தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் காங்கேயத்திலிருந்து என் அம்மா ஒரு டின் தேங்காய் எண்ணெயோடு வந்து இறங்கினார். என்னைப் பார்த்தவர் டின்னைக் கீழே வைக்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. இந்தூட்டுல அடுப்பு தினமும் பத்த வெக்கறீங்களாக்கு?”

“பத்து இட்லி திங்கறாளுங்க உங்க புள்ள. நானே சுட்டுப் போடறேனுங்க. அது எங்க போகுதுன்னு அவளயவே கேளுங்க,” என்றார் அத்தை, அதே மரியாதையோடு.

இரண்டு பேரும் அதன்பிறகு சத்தமே போடவில்லை. நெம்ப சந்தோசமுங்க, இருக்கட்டுமுங்க என்று மாற்றி மாற்றிச் சொல்லியே ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டார்கள். கடைசியில் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தராசில் நிறுத்தினார். இனி வெள்ளிக்கிழமைதோறும் எடை போட்டுச் சீட்டைக் காங்கேயத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். எடை ஏறினால் அத்தை சோறு போட்டார் என்று அர்த்தம்.

அண்ணாச்சி நாற்பத்து நாலு கிலோ என்று வழக்கமான சீட்டிலேயே எழுதினார். அதில் மெஷின் நம்பர் என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவை அங்கே வைத்துச் சற்று யோசித்தார். பிறகு ‘வீடு’ என்று எழுதினார்.

அடுத்த மூன்று வெள்ளியும் எடை இறங்கியது. ஒவ்வொரு முறையும் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “முக்கா கிலோ ஷார்ட்டேஜ் வருதேக்கா,” என்பார், நான் எங்கேயோ துணியைக் கிழித்து வைத்திருப்பதுபோல. தானே கேட்டு வாங்கிய சாட்சி தனக்கு எதிராகத் திரும்பியதில் அத்தை பயந்துவிட்டார். நாலாவது வெள்ளி, இட்லிகூடச் சுடாமல், என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் கிடுகிடுவென்று நடுங்கியது.

“ஃபேன நிறுத்துங்கம்மா, அதான் ஆடுது,” என்றார் அத்தை.

“ஃபேன் ஓடலைங்க,” என்றார் டாக்டரம்மா.

மூவரும் அண்ணாந்து பார்த்தோம். ஃபேன் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது.

ரத்தம் கோயம்புத்தூருக்குப் போய்ச் சீட்டு வர நாலு நாளாயிற்று. தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்வது அதுதான், என்னுடையது நிறுத்தாமல் ஓடச் சொல்கிறது, தின்றதெல்லாம் எரிந்துபோகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். என் கணவருக்கு உடனே பிடிபட்டது. ஸ்பீடைக் குறைக்கணும், அவ்வளவுதானுங்களே என்றார். ஆமாம், ஆனால் ஸ்விட்சைத் திருப்பினாற்போல் குறையாது, வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார் டாக்டரம்மா. இந்த மாத்திரை சிலருக்கு ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுமாம்; தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் மட்டும் அன்றைக்கே ஓடி வரவேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

பஞ்சு பறக்கும் வீட்டில் தொண்டை கரகரக்காத நாள் ஏது? ஒரு வாரம் தினமும் வாயைத் திறந்து காட்டினேன். மெஷினுக்கு அடியில் பார்க்கிற டார்ச்சை அடித்து என் கணவர் உள்ளே பார்த்து, “ஆயில் லீக் இல்லெ,” என்பார்.

மாத்திரை டப்பாவுக்குள் எட்டாய் மடித்த ஒரு மெல்லிய தாள் இருந்தது. ஆங்கிலத்தில், எறும்பு சைஸ் எழுத்து. வேறு யாராக இருந்தாலும் தூக்கி எறிந்திருப்பார்கள். நான் பி.எஸ்ஸி. படித்தவள். விளக்கடியில் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் படித்தேன். மருந்து தாய்ப்பாலில் கலக்கும் என்று அதில் போட்டிருந்தது.

டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பாலை நிறுத்து என்பார், நிறுத்தினால் இவள் புட்டி குடிக்க மாட்டாள், பட்டினி கிடப்பாள் என்று அதற்கு மேல் என் புத்தி தானாகவே ஓடியது. அதனால் மாத்திரையை நிறுத்தினேன். நூல் சுற்றி வரும் அட்டைக் கோன் ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் அடியில் வேஸ்ட் துணியை அடைத்து, பரணில் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, வேளை தவறாமல் அதற்குள் மாத்திரையைப் போட்டேன். நேரம் தவறாததால் கடமையைச் செய்த திருப்திகூட இருந்தது.

மாத்திரை சாப்பிடுகிற பெண்ணுக்கு எடை ஏற வேண்டும் என்பது அடுத்த வெள்ளி நெருங்கும்போதுதான் உறைத்தது. அம்மா வேறு அன்றைக்கு நேரிலேயே வந்திருந்தார். சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். இஞ்சி தட்டுகிற சின்ன இரும்பு உலக்கை கண்ணில் பட்டது. எடுத்து இடுப்பில், பாவாடை நாடாவுக்குள் செருகி, முந்தானையை இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

தராசில் ஏறி நின்றேன். அண்ணாச்சி குனிந்து பார்த்தார். “அக்கா ஒரு கிலோ கூடியிருக்காவ,” என்றார். அத்தை அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் மெலிந்த இடுப்பில் எந்த நாடா நிற்கும்? உலக்கை வழுக்கி, புடவைக்குள்ளேயே இறங்கி, இரும்பு மேடையில் டங் என்று விழுந்து உருண்டது. மெஷின்காரர்கள் உடைந்த பாகம் எது என்று மேலே பார்த்தார்கள்.

அத்தை குனிந்து அதை எடுத்தார். “காலையிலிருந்து இதத் தேடிட்டிருக்கறேன். இஞ்சி டீ இல்லாம உன்ற மாமனார் பேப்பர்கூடப் படிக்கல,” என்றார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். “ஏங் கண்ணு?”

நான் அழுதேன். கோனை இறக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அம்மா அதைக் கவிழ்த்தார். மாத்திரைகள் கொட்டிக்கொண்டே இருந்தன. இத்தனை நாளில் முதல் தடவையாக இரண்டு சம்பந்திகளும் ஒரே பக்கம் நின்று என்னைத் திட்டினார்கள்.

அன்று மாலை டாக்டரம்மாவுக்கு முன்னால் அந்தத் தாளை விரித்து வைத்தேன். அவர் அதைப் படிக்கவே இல்லை.

“நீங்க பால் குடுக்கறது எனக்குத் தெரியாதா? அதுக்குத் தகுந்த அளவுலதான் எழுதினேன். பாப்பா குடிச்சு முடிச்ச உடனே மாத்திரை போடுங்க. அவளுக்கும் நடுவுல ஒரு தடவை ரத்தம் பாத்துக்கலாம், எடையும் பாத்துட்டு வாங்க. விட்டீங்கன்னா உங்க இதயம்தான் தாங்காது. அப்ப யார் பால் குடுப்பாங்க?”

கேட்டிருந்தால் அன்றைக்கே இதைச் சொல்லியிருப்பார். வழியெல்லாம் அத்தை, “படிச்ச புள்ள,” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

மாத்திரை வேலை செய்தது. ஒன்றரை மாதத்தில் நெஞ்சு அடங்கியது, விரல்மேல் தாள் நின்றது. ஜன்னல் கம்பியில் பஞ்சு படிந்தால் நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது; உண்மையிலேயே நாளைக்குத்தான் துடைத்தேன். அத்தை பெருமூச்சு விட்டு, வேலைக்காரி வைத்தார். காங்கேயத்தில் அம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, ரொம்பக் குண்டாக்கிவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பதினோராம் மாதத்தில் ஒரு நாள் என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அத்தை பிசைந்த ரசம் சோற்றுக்கு வாயைத் திறந்தாள். மறுநாளும் அப்படியே. எந்தப் பாலுக்காக நான் உலக்கையைக் கட்டிக்கொண்டு நின்றேனோ அதை அவள் யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வெள்ளி அவளைத் தராசில் உட்கார வைத்தோம். அண்ணாச்சி மெஷின் நம்பர் கட்டத்தில் ‘வீடு 2’ என்று எழுதி, டாக்டரம்மா போன மாதம் போட்ட எடையைவிட ஏறியிருக்கிறது என்றார். எனக்குச் சந்தேகம். கொலுசைக் கழற்றிவிட்டுத்தானே போட்டீர்கள் என்று கேட்டேன்.

“கழட்டியாச்சு. கவுனுக்குள்ளயும் தடவிப் பாத்துட்டேன் கண்ணு,” என்றார் அத்தை. “உலக்கை ஊட்டுலதான் இருக்குது.”