புத்தோரின் அளந்த பனி

வலெரியான் ஃபோமிச் புத்தோரின் இறந்துபோனதாகச் சென்ற மாதம் மாவட்டச் செய்தித்தாளில் பதினொரு வரி வந்தது. "இருபத்திரண்டு ஆண்டுகள் காரா கடற்கரையின் பனிப்புயல்களுக்கு நடுவே நின்று ஓடுபனியை அளந்தவர்" என்று எழுதியிருந்தார்கள். அவருடைய பெயரும் இறந்த தேதியும் சரி. இருபத்திரண்டு தவறு; பத்தொன்பது ஆண்டுகள், நான்கு மாதங்கள். 'நடுவே நின்று' என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கமென்னி முனை வானிலை நிலையத்தில் அவர் தலைவர், நான் பதிவேட்டுக்காரன். அவர் தரும் எண்களை மாத அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. காற்று தரையோடு தரையாக இழுத்துப் போகும் பனியை அளக்க எங்களிடம் வால் வைத்த ஒரு தகரக் குடுவை இருந்தது. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அதன் மூக்குக் குழாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். புயலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, கதவிலிருந்து கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அறுபத்து நான்கு எட்டு நடந்து போய், மூக்கைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். பிறகு மூடி, உள்ளே கொண்டுவந்து நிறுக்க வேண்டும்.

ஃபோமிச் இதைச் சுலபமாக்கினார். தேநீர்க் கோப்பையோடு ஜன்னலருகே வந்து, குடுவை நிற்கும் கம்பத்து விளக்கைப் பார்ப்பார். விளக்கு தெரிந்தால் 34 கிராம். மங்கலாகத் தெரிந்தால் 61. தெற்குக் காற்றில் கயிற்றுவழி போகிறவனுக்கு முகத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல இருக்கும் என்பதால், தெற்குக் காற்றுக்கு அவர் விளக்கைக்கூடப் பார்ப்பதில்லை. பூஜ்யம் போட்டுவிடுவார்.

ஆறு குளிர்காலங்களில் 34 என்ற எண் 212 முறை வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே எடையில் வந்து சேர்வதற்குப் பனி என்ன பொட்டலம் கட்டியா வருகிறது? இதைக் குறிப்பிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதிலாக, 'சீரான அளவீடுகளுக்காக' ஃபோமிச்சுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. வெளியே போகிறவர் மாட்டிக்கொள்ளும் ரோமக் கோட்டுக்கென்று கதவருகே ஓர் ஆணி இருந்தது. பத்திரத்தை அதில் மாட்டினார். கோட்டுக்கு அங்கே வேலையில்லை என்பது அவருக்கே தெரியும்.

அவர் மனைவி ஃபைனா ஆர்க்கான்கெல்ஸ்க் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் பொடி நிறுத்துக் கொடுப்பவர். ஆறு ஆண்டுகளாக வர மறுத்தவர், 1973 வசந்தத்தில் எழுதினார்: 'ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கிறேன். பொந்துக்குள் இருக்க முடியாது. ஜன்னலில் கடல் தெரிய வேண்டும். இல்லையென்றால் முதல் விமானத்தில் திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு கடிதமும் வேண்டாம்.' சாப்பாட்டு மேசையில் இதை ஃபோமிச் நான்கு முறை வாசித்தார். மனைவி வேண்டும் என்ற ஆசை உண்மையானது. அதை நான் மறைக்கவில்லை.

ஆகஸ்டில் கப்பல் அவர்களுக்கு வீடு கட்ட மரங்களைக் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில், பனி தங்காமல் காற்று அடித்துப் பெருக்கும் மொட்டை மேட்டில்தான் வீட்டைக் கால் நட்டு உயர்த்திக் கட்டுவோம். அந்தக் கோடையில் கட்டிய நிலக்கரிக் கிடங்குக்கு வடக்கே, பன்னிரண்டு எட்டில், கடலைப் பார்த்த இடத்தை ஃபோமிச் காட்டினார். அங்கே காற்றே இல்லை என்றார். இயந்திரக்காரன் மகார் கோடரியைக் கீழே வைத்தான்.

"ஃபோமிச், இங்க வேணாம். கெடங்குக்குப் பின்னாடி வந்ததும் காத்து மூச்சு வாங்கும். தூக்கிட்டு வந்த பனிய எல்லாம் அங்கதான் கொட்டும்."

"எந்தக் காத்து?"

"தெக்குக் காத்து. நம்மள வருஷம் பூரா மொத்துதே, அதே ஆளுதான்."

"தெக்குக் காத்துல இங்க பனி ஓடுறதே இல்ல. பதிவேட்டப் பாரு. ஆறு வருஷமா பூஜ்யம்."

"அந்தப் பூஜ்யத்த யாருங்க போட்டது?"

"நான்தான். அதனாலதான் தைரியமா சொல்றேன்."

மகார் சிரித்தான். ஃபோமிச் சிரிக்கவில்லை. பொய்க் கணக்கு எழுதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை நம்பி அஸ்திவாரம் போட்டவர் இவர் ஒருவர்தான்.

செப்டம்பர் மூன்றாம் தேதி உப்பிட்ட காளான் ஜாடிகளோடு ஃபைனா வந்து இறங்கினார். "கடல் நல்லா தெரியுது, வலேரா" என்று கணவரிடம் சொன்னார். ஒன்பது வாரம் தெரிந்தது. நவம்பரில் பனி ஜன்னல் விளிம்புக்கு வந்தது. ஃபோமிச் தினமும் நான்கு மணி நேரம் வெட்டினார்; மறுநாள் அதே அளவு நிறைந்தது. ஜனவரி 9 தொடங்கிப் பதினொரு நாள் தெற்குப் புயல். அது ஓய்ந்தபோது வெளியே தெரிந்தது புகைபோக்கி மட்டும். கூரையில் ஓட்டை போட்டு, ஏணி வைத்து ஏறி இறங்கினார்கள்.

மாதக்கணக்கான துருவ இரவு முடிந்து பிப்ரவரி 4 அன்று சூரியன் திரும்பி வந்தது. மேட்டில் நின்று எல்லோரும் பார்த்தோம். கீழே ஃபைனாவின் ஜன்னலில் பனிதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வருஷம் வழக்கத்துக்கு மீறின பனி, ஃபைனா" என்றார் ஃபோமிச்.

மறுநாள் ஃபைனா என் மேசைக்கு வந்தார். "வழக்கம் எவ்வளவுன்னு பாக்கணும். பழைய அட்டவணையக் குடுங்க." ஒரு மணி நேரம் புரட்டினார். "தெக்குக் காத்துன்னா எல்லாமே பூஜ்யமா?"

"ஆமாங்க. கையெழுத்து என்னுது. நம்பர் அவரோடது."

7ஆம் தேதி தெற்குக் காற்று, நொடிக்குப் பதினெட்டு மீட்டர். பன்னிரண்டு மணி அளவீட்டுக்கு மகாரின் கோட்டை மாட்டிக்கொண்டு ஃபைனா கிளம்பினார். ஃபோமிச் கோப்பையோடு கதவை மறித்தார்.

"எங்க போற? கண்ணே தெரியாது!"

"கயிறு இருக்குல்ல. யாரும் தொடாததால புதுசாவே இருக்கு. நகரு."

திரும்பி வந்தபோது அவருடைய புருவம் வெள்ளைக் கட்டியாக இருந்தது. முதலில் எடைக்கற்களை வைத்துத் தராசைச் சோதித்தார். பிறகு குடுவையை நிறுத்து, 417 என்று பதிவேட்டில் தானே எழுதினார்.

"ஒரு தடவ அளந்துட்டா ஆச்சா?" என்றார் ஃபோமிச்.

"நீ ஒரு தடவகூட அளக்கலையே, வலேரா."

ஃபைனா போன பிறகு ஃபோமிச் என்னிடம் வந்தார். "இத அட்டவணையில ஏத்தாதீங்க. மத்த வருஷத்தோட ஒத்துப்போகாது." ஏற்றினேன். '417 ஐயத்துக்குரியது, கருவியைப் பழுது பார்க்கவும்' என்று மார்ச்சில் தலைமை அலுவலகம் எழுதியது.

ஏப்ரல் 11 அன்று கடற்பனியில் முதல் விமானம் இறங்கியது. அதற்கு முந்தைய ஐந்து நாளும் ஃபோமிச் ஜன்னலுக்கு முன்னால் வாய்க்கால் வெட்டினார். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு ஃபைனா, கடல் தெரியுது!"

தெரிந்தது, கைக்குட்டை அளவுக்கு. ஃபைனா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஜன்னலருகே நின்றார். தெற்குக் காற்று எழும்பி, கிடங்கின் கூரையைத் தாண்டி வந்து, வாய்க்காலில் பனியைக் கொட்டத் தொடங்கியது. சரியாகப் பத்து நிமிடம் நின்றார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

ஃபோமிச் ஓடிப் போய் மண்வெட்டியை எடுத்தார். விமானம் கிளம்பிய பிறகும் வெட்டிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து பழையபடி விளக்கைப் பார்த்தார். 34, 61, பூஜ்யம்.

அவருடைய பத்தொன்பது ஆண்டு, நான்கு மாதப் பதிவேடுகளில் அளந்து எழுதிய எண் ஒன்றே ஒன்று: 1974 பிப்ரவரி 7, பகல் பன்னிரண்டு மணி, 417 கிராம். கையெழுத்து அவருடையதல்ல.