கண்ணாடியில் மட்டும் பார்த்தவர்

ஆட்டையாம்பட்டிப் பக்கத்து வீடுகளில் நடக்கும் பைபிள் வகுப்பில் பாடம் சொல்ல என்னைக் கூட்டிப்போன ஆட்டோக்காரர் இந்து. நெற்றி நிறையத் திருநீறு, காதோரம் நரை. பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்பவே மாட்டார். கண்ணாடியில் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

எரியும் ஊரைவிட்டு ஓடும்போது, தேவதூதர் சொன்ன சொல்லை மீறித் திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப்போன பெண்ணின் கதையை அன்று விளக்கினேன். கீழ்ப்படியாமைக்குக் கிடைத்த தண்டனை என்று முடித்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் கேட்டார். "ஏனுங்க, அந்தம்மாவோட புள்ளைங்க யாராச்சும் அந்த ஊருக்குள்ள இருந்தாங்களா?"

"கட்டிக்கொடுத்த பொண்ணுங்க இருந்ததாச் சொல்லுவாங்க."

"அப்பப் பாக்கத்தானுங்க செய்வாங்க." வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "எம்பையனுக்குக் கொள்ளி வெச்சதும், திரும்பிப் பாக்காம நடன்னாங்க. பாக்காமயே வந்துட்டனுங்க. அன்னையிலிருந்து அவன் எம்பின்னாலயேதான் இருக்கறானுங்க."

கண்ணாடியில் அவர் பார்வை என்னைத் தாண்டி, என் பக்கத்திலிருந்த காலி இடத்தில் நின்றது.

நான் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். இன்றைக்கும் எந்த ஆட்டோவில் ஏறினாலும் என்னால் நடுவில் உட்கார முடிவதில்லை.